ஜட்ஜ்மென்ட் என்றொரு கட்டம்

என் மேசை இழுப்பறையில் ஓர் அரக்குத் துண்டு கிடக்கிறது. கட்டைவிரல் நீளம்தான் இருக்கும். ஒரு காலத்தில் நல்ல சிவப்பு. இப்போது பழைய மிளகாய் வற்றலின் நிறம். ஒரு முனை கருகியிருக்கிறது. போன வருடம் வீடு மாறும்போது என் மகன் அதைக் கையில் எடுத்துப் பார்த்து, "இதையுமாம்மா தூக்கிட்டு வரணும்?" என்று கேட்டான். "வேணும்னா பீரோவ விட்டுட்டு வா. அதைக் கீழ வை" என்றேன். அதற்கு மேல் விளக்கவில்லை. அந்தத் துண்டு அரக்கைப் பற்றிச் சொல்லவேண்டுமென்றால் ஒரு மனிதரைப் பற்றி முழுக்கச் சொல்லவேண்டும். அவனையோ லாரிக்காரன் அவசரப்படுத்திக்கொண்டிருந்தான்.

எழுபதுகளின் கடைசியில் நான் மதுரையில் ஓர் அரசு அலுவலகத்தில் ஸ்டெனோவாக இருந்தேன். கண்மாய், கால்வாய், மடை, கலுங்கு இவையெல்லாம் எங்கள் அலுவலகத்தின் பொறுப்பு. அலங்காநல்லூரிலிருந்து காலை பஸ்ஸில் வந்து, சாயங்கால பஸ்ஸில் திரும்புவேன். இரண்டு பிள்ளைகள், முப்பத்தாறு வயது, கொஞ்சம் வாய்த்துடுக்கு. செயற்பொறியாளராக வந்த அதிகாரிக்கு என்னைவிட எட்டு வயது கூட இருக்கலாம். தஞ்சாவூர்ப் பக்கத்துக்காரர். ஊர்க்காரர்களுக்கு அவர் இ.இ. ஐயா, எங்களுக்கு சார். எதையும் இரண்டு தடவை பார்க்கிற மனிதர். ஜீப்பில் ஏறுமுன் டயரைக் காலால் ஒரு தட்டுத் தட்டுவார். கையெழுத்துப் போட்ட காகிதத்தைத் திரும்ப வாங்கி, போட்டது தன் கையெழுத்துதானா என்று பார்ப்பார். நாங்கள் அவர் முதுகுக்குப் பின்னால் சிரித்திருக்கிறோம். நான்தான் அதிகமாகச் சிரித்திருப்பேன்.

அரசு வேலை பார்த்தவர்களுக்கு சி.ஆர். என்றால் தெரியும். ஆண்டு முடிவில் ஒவ்வொரு ஊழியரைப் பற்றியும் மேலதிகாரி எழுதி, உறையிலிட்டு, அரக்கு முத்திரை வைத்து மேலே அனுப்புகிற ரகசியக் குறிப்பு. அச்சடித்த படிவம், வரிசையாகக் கட்டங்கள், எல்லாம் இங்கிலீஷில். அதில் ஒரு கட்டத்துக்குப் பெயர் ஜட்ஜ்மென்ட். இந்த ஆளுக்குச் சரியான முடிவெடுக்கத் தெரியுமா என்பதை அதில் எழுதவேண்டும். ஒருவருடைய பதவி உயர்வு அந்தக் கட்டங்களில்தான் இருந்தது. ஆனால் எழுதுகிறவர்கள் அதைப் பெரிதாக நினைப்பதில்லை. எல்லாருக்கும் "சவுண்ட்" என்று போட்டுவிடுவார்கள். கெட்டி, பழுதில்லை என்று பொருள். இவருக்கு முன்பிருந்த அதிகாரி நாற்பது பேருடைய சி.ஆரையும் டிபன் வருவதற்குள் முடித்துவிடுவார். நாற்பது பேரும் சவுண்ட். அதில் ஒருவர் வாரத்துக்கு மூன்று நாள் அலுவலகத்துக்கே வரமாட்டார், அவரும் சவுண்ட்.

இவர் பன்னிரண்டு நாள் எடுத்துக்கொண்டார். பங்குனி வெயிலில் அறைக்கதவைச் சாத்திவிட்டு, எதிரில் என்னையும் உட்காரவைத்து, ஆள் ஆளாக யோசிப்பார். ஒரு குமாஸ்தாவுக்கு "ப்ரூடென்ட்" என்று சொல்லிவிட்டு, நான் டைப்ரைட்டரில் கைவைப்பதற்குள் "இருங்க, இருங்க" என்பார். "ப்ரூடென்ட்னா பின்னால வரப்போற கஷ்டத்தை முன்னாடியே பார்த்து ஒதுங்குறவன். இவன் கஷ்டத்தைப் பார்த்து ஒதுங்கலை, வேலையைப் பார்த்து ஒதுங்குறான்." சிரித்தால் கோபித்துக்கொள்வார். பிறகு என்னையே கேட்பார்: "உங்க ஊர்ல இதுக்கு என்ன சொல்வீங்க?"

அப்படித்தான் அந்த விளையாட்டு ஆரம்பித்தது. எனக்கு இங்கிலீஷ் சுருக்கெழுத்துக்கு வேண்டிய அளவுதான் தெரியும். ஆனால் மனிதர்களை எடைபோடுகிற வார்த்தைகள் எங்கள் ஊரில் கொட்டிக் கிடந்தன. ப்ரூடென்ட் என்றால் சூதானமானவர் என்றேன். பஸ்ஸுக்குப் போகிறவளிடம் "பார்த்து, சூதானமா போயிட்டு வாத்தா" என்று சொல்கிறார்களே, அந்தச் சூதானம். ஷ்ரூட் என்பதற்கு வெவரமானவன் என்றேன். "அது பாராட்டா, திட்டா?" என்றார். "சொல்றவக மொகத்தப் பார்க்கணும் சார்" என்றேன். ரொம்ப நேரம் தலையாட்டிக்கொண்டிருந்தார். ஷ்ரூடும் அப்படித்தானாம், பிறத்தியார் கணக்கை நன்றாகப் படிக்கத் தெரிந்தவன், ஆனால் படிப்பது தன் லாபத்துக்காக. டிஸ்சர்ன்மென்ட் என்று ஒன்றைச் சொன்னபோது, முறத்தில் நெல் வேறு பதர் வேறாகப் புடைக்கத் தெரிந்த என் அம்மாவைச் சொன்னேன். ஜுடீஷியஸ் என்றால் நிதானம். நாலு பக்கமும் கேட்டுவிட்டு வாய் திறக்கிறவர். ஸகேஷியஸ் என்று, மகா புத்திசாலிக்குப் போடுகிற ஒரு வார்த்தையை மட்டும் யாருக்கும் போடமாட்டேன் என்றார். பழைய இங்கிலீஷ் புத்தகங்களில் அதை யானைக்குத்தான் அதிகம் போட்டிருக்கிறார்களாம். "நம்ம ஹெட் கிளார்க் நடந்து வர்றதப் பார்த்தா போடலாம்போல இருக்கு சார்" என்றேன். அன்றைக்கு அவர் கண்ணாடியைக் கழற்றித் துடைக்கவேண்டியதாயிற்று.

சவுண்ட் மட்டும் அவரிடமிருந்து வராது. கேட்டேன். "அது எங்க தொழில் வார்த்தைம்மா. கரைக்கும் கட்டடத்துக்கும் போடறது. ஒரு பெரிய மழை வந்துட்டுப் போன பிறகுதான் போடணும். அதுக்கு முன்னாடி போட்டா பொய்" என்றார்.

டைப் அடித்து முடித்ததும் முத்திரை. அந்த வேலையை அவர் யாரிடமும் விடமாட்டார். மெழுகுவத்தி அணைந்துவிடும் என்பதால் மின்விசிறியை நிறுத்தவேண்டும். சித்திரை பிறக்கப்போகிற மதுரை வெயிலில், சாத்திய அறையில், விசிறியில்லாமல் நாங்கள் இருவரும் வேர்வையில் நனைந்துகொண்டு உட்கார்ந்திருப்போம். அரக்கை உருக்கிச் சொட்டவிட்டு, பித்தளை முத்திரையை அழுத்திவிட்டு, கையிலிருக்கும் அரக்கின் இளகிய முனையைக் கட்டைவிரலால் அமுக்குவார். சூடு தாங்காமல் "ஸ்ஸ்" என்பார். ஒவ்வொரு உறைக்கும் ஒரு "ஸ்ஸ்". எல்லாவற்றிலும் சூதானமான மனிதருக்கு அரக்கு ஆறும்வரை பொறுக்கத் தெரியாது. என்னுடைய சி.ஆரை மட்டும் கையால் எழுதி, நான் சாப்பிடப் போயிருக்கும்போது முத்திரை வைத்துவிடுவார். என் டிஸ்க்ரிஷனைப் பற்றி மட்டும் ஒருமுறை நேராகவே சொன்னார்: "இந்த அறையில பேசறது வெளியே போறதில்லை. அது பெரிய குணம்." எனக்கு ஒரு வாரம் கால் தரையில் பாவவில்லை.

அந்தப் பெருமைதான் பின்னால் என்னைக் குழியில் தள்ளியது.

இரண்டு வருடம் பொய்த்துவிட்டு, மூன்றாம் வருடம் ஐப்பசியில் மழை பிடித்தது. கொட்டாம்பட்டிப் பக்கத்தில் ஒரு கண்மாய். எங்கள் ஓவர்சியர் ஒருவர் அங்கே கரையிலேயே குடியிருந்தார் என்று சொல்லலாம். அதிகம் பேசாதவர், அந்த ஊர்களில் வயல்வேலைக்குப் போன குடும்பத்திலிருந்து படித்து மேலே வந்தவர். அடுத்த பதவி உயர்வுப் பட்டியலில் அவர் பெயர் இருந்தது. ஒருநாள் காலை பதினொரு மணிக்கு அங்கிருந்த ரைஸ் மில் போனிலிருந்து கூப்பிட்டார். மழைச் சத்தத்தில் பாதி வார்த்தை விழுந்தது.

"அக்கா, சார்ட்ட சொல்லுங்க. கண்மாய் கழுத்து மட்டும் நிக்கிது. கரை கசியுது. கலுங்குப் பலகையப் புடுங்கி விட்டுறவான்னு கேளுங்க."

கண்மாய் நிறைந்தால் மிச்சத் தண்ணீர் வழிவதற்குக் கட்டியிருப்பது கலுங்கு. கூடுதலாகத் தேக்க அதன் மேல் பலகை அடைத்து, மண்மூட்டை அடுக்கியிருப்பார்கள். பலகையைப் பிடுங்கினால் கரை பிழைக்கும், தண்ணீர் போய்விடும். நான் போனின் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே கேட்டேன். சார் ஒரு கூட்டத்துக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். "கசிவு தெளிவா வருதா, கலங்கலா வருதான்னு கேளுங்க" என்றார். தெளிவாக வந்தால் பயமில்லை. கலங்கி வந்தால் கரை உள்ளே கரைகிறது என்று அர்த்தம். "இப்பத் தெளிவாத்தான் வருது. நெறம் மாறுற மாதிரி எனக்குப் படுது" என்றார் ஓவர்சியர். சார் யோசித்தார். இரண்டு வருடமாகத் தண்ணீருக்குத் தவித்த ஊர். விட்ட தண்ணீரைத் திருப்பிக் கூப்பிட முடியாது. "ரெண்டு மணிக்கு நானே வந்து பார்க்கறேன். அதுவரைக்கும் பலகையில கைவைக்க வேண்டாம்னு சொல்லுங்க." சொன்னேன். "சரிக்கா" என்று வைத்துவிட்டார்.

மதியம் கசிவு செம்மண் நிறத்தில் வந்திருக்கிறது. ரைஸ் மில்லுக்கு ஓடினால் போன் செத்துக் கிடக்கிறது. கரைக்கு நேர் கீழே காலனி வீடுகள், அறுபதுக்குக் குறையாது. ஓவர்சியர் நாலு பேரைக் கூட்டிக்கொண்டு போய்ப் பலகையைப் பிடுங்கிவிட்டார். தண்ணீர் கலுங்கு வழியே பாய்ந்து, ஊர்ப் பெரிய விவசாயி ஒருவரின் பொதி கட்டி, கதிர் தள்ளவிருந்த நெல்வயலை மூழ்கடித்தது. சாலை அறுத்துக்கொண்டதால் சார் போய்ச் சேர்ந்தபோது பொழுது சாய்ந்துவிட்டது. கரை நின்றது. காலனியில் அடுப்புப் புகைந்துகொண்டிருந்தது.

அதில்தான் வினை. கரை உடைந்திருந்தால் ஓவர்சியர் சரி என்று ஊரே சொல்லும். உடையவில்லையே! நல்ல முடிவு ஒன்றை எடுத்துவிட்டால் அதற்குச் சாட்சி கிடையாது. நடக்காமல் போனதை யாருக்கும் காட்ட முடியாது. கண்ணுக்குத் தெரிந்ததெல்லாம் அழுகிப்போன நெல். விவசாயி மனுப் போட்டார். மேலிடத்திலிருந்து விளக்கம் கேட்டு வந்த கடிதத்தில், அலுவலகத்தைக் கேட்காமல் தன்னிச்சையாகச் செய்தார் என்று ஓவர்சியர் மேல் குற்றம். அவர், "போனில் கேட்டேன்" என்று பதில் எழுதினார். உடனே போன் செய்திப் பதிவேட்டை எடு என்றார்கள்.

எங்கள் அலுவலகத்தில் வருகிற ஒவ்வொரு போனையும், நேரம், சொன்னவர், பதில் எல்லாம் போட்டு அதில் எழுதவேண்டும். எழுதவேண்டியவள் நான். அன்றைக்குக் காலையில் துண்டுக் காகிதத்தில்தான் குறித்திருந்தேன். பிறகு ஏற்றிக்கொள்ளலாம் என்று வைத்திருந்தேன். மறுநாள் நடந்ததெல்லாம் தெரிந்தபின், பேனாவைத் திறந்துவிட்டு மூடிவிட்டேன். "கைவைக்க வேண்டாம்" என்று சார் சொன்னதை என் கையால் எழுதிவைப்பானேன்? நாளைக்கு அவருக்குத்தானே அது கேடு? இதுதான் டிஸ்க்ரிஷன், இதற்காகத்தான் அவர் என்னைப் பாராட்டினார் என்று என் மனசு எனக்கே சி.ஆர். எழுதியது. ஓவர்சியருடைய "சரிக்கா" காதில் கேட்டுக்கொண்டுதான் இருந்தது. கேட்காத மாதிரி இருந்துவிட்டேன். இன்றைக்கும் இதை எழுதக் கூசுகிறது.

சார் பதிவேட்டைத் தானே வாங்கிப் பார்த்தார். அந்தத் தேதியில் இரண்டு போன்கள், மூன்றாவது இல்லை. இரண்டு தடவை பக்கத்தைத் திருப்பினார்.

"ஏன்மா எழுதலை?"

"எழுதணுமான்னு யோசிச்சேன் சார்."

"யாருக்காக யோசிச்சீங்க?"

கேட்கும்போதே அவருக்குத் தெரிந்துவிட்டது. பதிவேட்டை மூடி, அதன் மேல் இரண்டு கையையும் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அவர் வாயைத் திறக்காமல் இருந்தால் போதும், எல்லாம் முடிந்துவிடும். அவரும் மேற்பார்வைப் பொறியாளர் பதவிக்கான பட்டியலில் இருந்தார். ஒரு பக்கம் அவருடைய உயர்வு, இன்னொரு பக்கம் ஓவர்சியரின் வேலை, நடுவில் நான் எழுதாமல் விட்ட மூன்று வரி. அன்று மதியம் அவருடைய டிபன் கேரியர் திறக்கப்படாமலே வீட்டுக்குப் போனது.

மறுநாள் காலை முதல் வேலையாகக் கூப்பிட்டார். "நோட்டை எடுங்க." மேலிடத்துக்கு விளக்கக் கடிதம். போன் வந்தது, ஓவர்சியர் அனுமதி கேட்டார், கைவைக்க வேண்டாம் என்று நான் சொன்னேன், நிலைமை மாறியதும் அவர் எடுத்த முடிவால்தான் கரை பிழைத்தது. தடுமாறாமல் சொல்லிக்கொண்டே போனார். பதிவேட்டில் ஏன் இல்லை என்ற இடம் வந்ததும் நின்றார். "மழை நெருக்கடியில பதிவு விட்டுப்போச்சுன்னு போட்டுக்கலாம். அது பொய்யில்லை" என்றார், என் முகத்தைப் பார்க்காமல். எனக்காக அந்த மனிதர், அந்த நிலைமையிலும், ஒரு வார்த்தையைத் தேடிக்கொண்டிருந்தார்.

எனக்கு அழுகை வந்துவிட்டது. "அதுவும் பொய்தான் சார்" என்றேன். கடிதத்தை அடித்து முடித்துவிட்டு, கீழே என் பெயரில் தனியாக ஓர் அறிக்கை அடித்தேன். பதினொரு மணிக்குப் போன் வந்தது, இன்ன பதில் சொல்லப்பட்டது, தெரிந்தே நான் பதியவில்லை. அவருக்கு எதிராகச் சாட்சி சொல்கிற காகிதம் அது. ஒரு பிழையில்லாமல் அடித்தேன். படித்துவிட்டு, "இதை நான் கேட்கலையே" என்றார். "நீங்க கேட்டா அடிச்சிருக்க மாட்டேன் சார்" என்றேன். பிறகு, தனக்கே சொல்லிக்கொள்வது போலச் சொன்னார்: "நான் சொன்ன பதில் தப்பில்லைம்மா. ஆனா கரையில நிக்கிறவன் கையில முடிவை விட்டுக்கொடுக்கவும் ஒரு புத்தி வேணும். அன்னிக்கு அது எனக்கு இல்லை. அவர் மட்டும் நான் சொன்னபடி கேட்டிருந்தா, தும்பை விட்டு வாலைப் பிடிக்கப் போனவனா ஆகியிருப்பேன்."

எனக்கு ஒரு எச்சரிக்கை மெமோ வந்தது, வரவேண்டியதுதான். ஓவர்சியர் மேலிருந்த நடவடிக்கை கைவிடப்பட்டது. அவர் ஒருநாள் அலுவலகத்துக்கு வந்தார். நான் எழுந்து நின்று, "தம்பி, என்ன மன்னிச்சிருங்க" என்றேன். அவர் பதறிப்போய், "அட, உக்காருங்கக்கா. கடைசில நீங்கதான எழுதிக் குடுத்தீக" என்றார். அம்புட்டுத்தான்.

பங்குனி வந்தது. விசிறியை நிறுத்திவிட்டு உட்கார்ந்தோம். ஓவர்சியருடைய படிவம் வந்ததும் அவர் என்னைக் கேட்கவில்லை. வழக்கம்போல் இருங்க, இருங்க என்றும் சொல்லவில்லை. ஜட்ஜ்மென்ட் கட்டத்துக்கு ஒரே வார்த்தை சொன்னார்: "சவுண்ட்." நான் நிமிர்ந்து பார்த்தேன். "பெரிய மழை வந்துட்டுப் போயிடுச்சேம்மா" என்றார்.

சித்திரையில் அவருக்கும் ஓர் உறை வந்தது. சி.ஆரில் பாதகமாக எழுதியிருந்தால் மட்டும்தான் சம்பந்தப்பட்டவருக்குத் தெரிவிப்பார்கள். பிரித்துப் படித்துவிட்டு என் பக்கம் நீட்டினார். இண்டிஸ்க்ரீட் என்று அவருடைய மேலதிகாரி எழுதியிருந்தார். அலுவலக விஷயத்தை அடக்கி வாசிக்கத் தெரியாதவர் என்று அர்த்தம். அந்த வருடப் பட்டியலில் அவர் பெயர் இல்லை. "மேல எழுதிப் போடுங்க சார்" என்றேன். "எதுக்கு? வார்த்தையை யோசிச்சுத்தான் போட்டிருக்கார். ஜட்ஜ்மென்ட் இல்லைன்னு போடலை பாருங்க" என்று சிரித்தார். அடுத்த மாதமே மாற்றலும் வந்தது.

கிளம்புகிற அன்று, பாக்கியிருந்த சி.ஆர்களை எழுதி முடித்தார். முதல்முறையாக என்னுடையதற்கு நான் இருக்கும்போதே முத்திரை வைத்தார். மெழுகுவத்தியை நான்தான் பிடித்தேன். "எனக்கு என்ன சார் போட்டிருக்கீக?" என்று கேட்டேவிட்டேன். "கான்ஃபிடென்ஷியல்" என்றார். இளகிய முனையைக் கட்டைவிரலால் அமுக்கினார். "ஸ்ஸ்." மிஞ்சிய துண்டை என் டைப்ரைட்டர் பக்கத்தில் வைத்துவிட்டு டயரைத் தட்டிப் பார்த்து ஜீப்பில் ஏறினார். பிறகு நான் அவரைப் பார்க்கவில்லை. சில வருடம் கழித்து அவர் காலமான செய்தி, மூன்றாம் மனிதர் வழியாக, பதினாறாம் நாள் முடிந்த பிறகு வந்தது.

அந்த வருடம் எனக்குப் பாதகக் குறிப்பு எதுவும் வரவில்லை. என்னதான் எழுதியிருப்பார் என்பது வருடக்கணக்காக உள்ளே உறுத்திக்கொண்டிருந்தது. நான் ஓய்வு பெறுகிற அன்று, கோப்புகளைப் பார்த்துக்கொண்டிருந்த பெண், என்னுடைய பழைய சி.ஆர். கட்டைக் கொண்டுவந்து என் மேசையில் வைத்தாள். "இதெல்லாம் இனிமே அழிச்சிருவாகக்கா" என்றாள். பிறகு, "நான் ஒரு டீ குடிச்சிட்டு வாரேன்" என்று, என்னைத் திரும்பிப் பார்க்காமல் போய்விட்டாள். டாக்ட், அதாவது இங்கிதம், என்ற கட்டத்துக்கு அவளைவிடப் பொருத்தமான ஆளை நான் பார்த்ததில்லை.

எடுத்துப் பார்த்தேன். மற்றவர்கள் எழுதிய வருடமெல்லாம் சவுண்ட், சவுண்ட், சவுண்ட். அவர் கையால் எழுதியவற்றில் அந்தக் கடைசி வருடத்தைத் தேடி எடுத்தேன். ஜட்ஜ்மென்ட் கட்டத்துக்குள் இடம் போதாமல் ஓரத்தில் ஏறி, இரண்டு வரி. தமிழில் சொன்னால் இப்படி வரும்: "ஒருமுறை என் பொருட்டுத் தவறினார். எனக்கு எதிரான கோப்பைக்கூட இவரை நம்பி ஒப்படைக்கலாம், ஒப்படைத்திருக்கிறேன்."

இப்போது என் மகனுடைய கம்பெனியில் ஒன்றிலிருந்து ஐந்துவரை மதிப்பெண் போடுகிறார்களாம். கம்ப்யூட்டரில் தட்டினால் முடிந்தது. போன முறை அவனுக்கு நாலு. எதற்கு நாலு, எதில் குறைந்தது ஒன்று என்று கேட்டேன். "அதெல்லாம் சொல்ல மாட்டாங்கம்மா" என்றான். அவன் போனபின் இழுப்பறையைத் திறந்தேன். அரக்கின் கருகிய முனையில் ஒரு சின்னக் குழி இருக்கிறது. ஆறும்வரை பொறுக்காத ஒரு கட்டைவிரல் அமுக்கிய குழி. சில நாள் அதில் என் விரலை வைத்துப் பார்ப்பேன். எனக்குக் கொஞ்சம் பெரிது.